ஷரீஃப் பாய் வீட்டு அடுப்பு

கோயிலுக்குக் கூட்டிப்போகிறவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு வந்து, எட்டரைக்குப் பேருந்து நிலையத்தருகே நிற்கிற வேனில் ஏறுவேன். உள்ளே சென்னையிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருப்பார்கள். "வணக்கம், எம்பேரு கிரேஸ். இன்னிக்கி உங்களுக்கு ஒரு கோயில்கூட காட்டப்போறதில்ல" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வாக்கியத்தை எனக்கு எழுதிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர் தனசேகரன். அவர் செத்து ஏழு மாதம் ஆகிறது. வாக்கியத்துக்கு இன்னும் சிரிக்கிறார்கள்.

'காஞ்சியில் யாரும் காட்டாத ஏழு இடங்கள்' என்று எங்கள் மகன் விக்ரம் இன்ஸ்டாவில் ஒரு பக்கம் ஆரம்பித்து வைத்திருக்கிறான். அவன் சென்னையில் கல்லூரி முதல் வருடம். பெரிய நகரத்து ஆட்களுக்கு மாலும் சலித்துவிட்டது, பீச்சும் சலித்துவிட்டது. எங்கேயும் இல்லாத ஒன்றைப் பார்த்தோம் என்று திங்கட்கிழமை ஆபீசில் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வருகிறார்கள், நானும் காட்டுகிறேன்.

வேன் முதலில் நிற்பது ஆதிகேசவனின் செருப்புக் கொட்டகையில். 2019-இல் அத்திவரதர் குளத்தை விட்டு வெளியே வந்தபோது நாற்பத்தெட்டு நாளும் ஊர் தாங்காத கூட்டம். ஆதிகேசவன் அப்போது செருப்பு பார்த்துக்கொள்கிற கடை போட்டிருந்தான். தரிசனம் முடித்து வந்தவர்களில் நிறைய பேருக்குக் கடை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, வெறுங்காலோடு பஸ் ஏறிவிட்டார்கள். அந்தச் செருப்பெல்லாம் டோக்கனோடு பதினெட்டு மூட்டையாக இன்னும் அவனிடம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து வெயிலில் காயவைக்கிறான். "இன்னும் எதுக்குபா வெச்சிக்கினு இருக்க?" என்று யாராவது கேட்டால், "நாப்பது வருஷம் கழிச்சி மறுபடி வருவாங்க இல்ல? அப்ப கேட்டா இன்னா பதில் சொல்றது?" என்பான். சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பே இருக்காது.

அடுத்தது பிள்ளையார்பாளையத்தில் வீரபத்திரன் வீடு. தறியில் டிசைன் விழுவதற்காக ஓட்டை போட்ட அட்டைகள் உண்டு. பழசாகிப் போன அட்டைகளைக் கோத்து வீட்டுக்குள் ஒரு சுவரே நிறுத்தியிருக்கிறார் அவர். காலை வெயில் அது வழியாக உள்ளே வந்தால் தரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். பெண்பிள்ளைகள் அதில் படுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். "நீ யானை மேல படுத்துக்கினு இருக்கம்மா, மயிலு அந்தாண்ட" என்று, எந்த அட்டை எந்த உருவத்துக்கானது என்பதை மறக்காத வீரபத்திரன் நாற்காலியில் உட்கார்ந்தபடி திருத்துவார். மூன்றாவது, தாமல் ஏரிக்கரை டீக்கடை. ஏரி நிரம்பி வழிந்த தேதிகளை எல்லாம் ஐம்பது வருஷமாகச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள், சுவரை வெள்ளையடிக்கிற வழக்கமே இல்லை. மற்ற மூன்றையும் இங்கேயே சொல்லிவிட்டால் நீங்கள் வேனில் ஏற மாட்டீர்கள்.

ஏழாவது இடம் ஷரீஃப் பாய் வீட்டு அடுப்பு. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். தனசேகரன் செத்ததற்கு நான் அழவில்லை.

சிறுநீரகம் போய்விட்டது அவருக்கு. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரி, நாலு மாதம். நான்தான் கூட இருந்தேன். கடைசி நாளும் நான்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் கிடத்தினார்கள், ஊரே கூடி அழுதது, நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முப்பதாம் நாள் பூசையில் அழவில்லை. கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, காற்றில் அணைகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சோற்றில் இரண்டு தடவை உப்பு போட்டுவிட்டு, வித்தியாசம் தெரியாமல் தின்றுவிட்டு எழுந்திருக்கிறேன். அரிவாள்மனையில் விரல் வெட்டிக்கொண்டு, கீரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

முன்பு நான் இப்படி இல்லை. தெருவில் என்னைச் சண்டைக்காரி என்பார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். தண்ணீர் லாரிக்காரனிலிருந்து சர்ச் பங்குச் சாமியார் வரை என் வாயில் விழாதவர்கள் இல்லை. தனசேகரன் தினம் வாங்கிக் கட்டிக்கொள்வார், கட்டிக்கொண்டு சிரிப்பார். அவர் போனதோடு அந்தக் கோபமும் எங்கோ போய்விட்டது. லாரிக்காரன் எங்கள் வீட்டு முறையைத் தாண்டிப் போனபோதும் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

என் மாமியார் அன்னம்மாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "எம்புள்ள செத்து ஒரு சொட்டு தண்ணி வுடல இவ. நல்லா சோறு துன்னுக்கினு டூரு போறா." காதில் விழுந்தது. விழுந்தால் என்ன? கோபமாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

விக்ரம் கேட்டதுதான் வேறு மாதிரி. ஒரு நாள் போனில் கேட்டான். "மா, உண்மைய சொல்லு. உனுக்கு அப்பாவ புடிக்குமா, புடிக்காதா?"

"இன்னாடா கேள்வி இது" என்றேன். போனை வைத்துவிட்டு யோசித்தேன். பிடிக்கும் என்றுதான் பத்தொன்பது வருஷம் நினைத்திருந்தேன். அதற்குச் சாட்சி காட்டு என்றால் என்னிடம் எதுவும் இல்லை. பெற்ற பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாலைந்து நாள் போன பிறகு எனக்கும் வந்துவிட்டது. நான் அந்த மனுஷனோடு சும்மா பழக்கத்துக்குத்தான் குடும்பம் நடத்தினேனோ?

அப்போதுதான் என் கல்யாணப் புடவை ஞாபகம் வந்தது.

தனசேகரன் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து புடவையை வீசிப் பிரிப்பதில் அவருக்கு ஒரு ஸ்டைல் உண்டு. கல்யாணத்தின்போது எங்கள் மாமன்கள் எல்லாம், கூலிக்காரர் மகன் என்ன புடவை எடுத்துவிடப் போகிறான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் அரக்குச் சிவப்பில், சாண் அகலக் கரையோடு, முந்தி முழுக்க ஜரிகையாக ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தார். "முழு வெள்ளி ஜரிகை. தங்கமுலாம்" என்றார். மாமன்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

பட்டை ஒரே மடிப்பில் வைத்தால் ஜரிகை உடையும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்ற வேண்டும். அந்த வேலையை அவர் எனக்கு விட்டதே இல்லை. விடுமுறை நாளில் பாய் விரித்து, கை கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, தானே பிரித்து, தானே மடித்து, மல்துணியில் சுற்றி மஞ்சள் பையில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டுவார். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். விக்ரம் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கிய புது நன்மைக்கு வெள்ளிச் சங்கிலி போட வேண்டும் என்றபோது, "முந்தியில கொஞ்சம் வெட்டி ஷரீஃப் பாய்கிட்ட குடுத்தா எரிச்சி வெள்ளி எடுத்துத் தருவாரு" என்று நான்தான் சொன்னேன். மறுநாள் கடையில் சங்கிலி வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேக் சாப்பிட வந்த ஷரீஃப் பாய், "அந்தப் பொடவய ஒரு தபா காட்டுபா" என்றதற்கு, பீரோ சாவி தொலைந்துவிட்டது என்றார். சாவி அவர் பையில் இருந்தது எனக்குத் தெரியும். கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில், கடைசி வாரம், நினைவு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. "கிரேஸு, அந்தப் பொடவய எரிச்சிடாத. நான் போனப்புறமும் அப்டியே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். என்மேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அதனால்தான் எரிப்பது என்று முடிவு பண்ணினேன். அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரே காரியம் அது. அதைச் செய்தால் நெஞ்சு பதறுமா, பதறாதா? பதறினால் அவரைப் பிடித்திருந்தது என்று அர்த்தம். பதறாவிட்டால் விக்ரமுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். கிறுக்குத்தனமாகத் தெரியலாம். அந்த நேரத்தில் எனக்கு அது ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது.

ஷரீஃப் பாய் பழைய பட்டுப் புடவை வாங்கி, ஜரிகையை எரித்து, வெள்ளி எடுக்கிறவர். வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகையில் அடுப்பு, இரும்புச் சட்டி, துருத்திக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார். தனசேகரன் உயிரோடு இருந்தவரை எங்கள் பட்டியலில் ஆறு இடம்தான். பாய் வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "பொணம் எரிக்கிற மாதிரி இருக்கும், வர்றவங்க பயந்துக்குவாங்க, வேணாம்" என்றார். அவர் போன பிறகு நான் சேர்த்தேன். அதுதான் இப்போது எல்லோருக்கும் பிடித்த இடம். வருகிறவர்களில் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து கிழிந்த பட்டு ஒன்று கொண்டுவர வேண்டும். எரித்து எடுக்கிற வெள்ளியை உருட்டி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார் பாய்.

எரிப்பதற்கு முன் அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புடவைக்காரரைப் பார்த்து மூன்று தடவை கேட்பார். "சம்மதமா?" நிக்காவில் பெண்ணிடம் கேட்கிற மாதிரி. மூன்று தடவையும் வாய்விட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவதற்குப் புடவையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினவர்கள் இருக்கிறார்கள். பாய் அவர்களைத் திட்டமாட்டார், டீ கொடுத்து அனுப்புவார்.

மூன்று ஞாயிறு என் பையில் மஞ்சள் பையைக் கொண்டுபோய்விட்டுத் திருப்பி எடுத்துவந்தேன். நாலாவது ஞாயிறு, மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா தன் தாயாருடைய பட்டைக் கொண்டுவந்திருந்தார். அடுப்பு எரிகிறது. எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஜரிகைல ரெண்டு ஜாதி இருக்குதுங்க. ஒண்ணு வெள்ளி, இன்னொண்ணு செம்பு. மேல தங்கக் கலர் பூசிட்டா பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கண்டுபிடிக்க ரெண்டு வழி. இந்த உரைகல்லுல ஒரசினா, வெள்ள கோடு வுழுந்தா வெள்ளி, செவப்பு வுழுந்தா செம்பு. கல்லு இல்லன்னா நெருப்பு. செம்பா இருந்தா பச்சையா எரியும். பச்ச வந்தா போலி."

"சம்மதமா?" என்றார் பாய், மயிலாப்பூர் அம்மாவிடம்.

"சம்மதம்."

"சம்மதமா?"

அந்த அம்மா புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இல்லைங்க. மனசு வரலை. மன்னிச்சுடுங்க."

"அதுக்கென்னம்மா, நல்லா வெச்சிக்கோங்க" என்றார் பாய். கூட்டத்தில் ஒருவர் முகமும் நல்லாயில்லை. கழுத்தில் கேமரா மாட்டிய வசந்த் என்ற பையன், காலையிலிருந்து ஆயிரம் கேள்வி கேட்டவன், "அப்போ எரிக்க மாட்டீங்களா மேடம்? இதுக்காகத்தானே வந்தோம்" என்றான்.

"எரிக்கலாம்" என்று பையைத் திறந்தேன்.

மல்துணியைப் பிரித்ததுமே, அதுவரை கேள்வி மட்டும் பட்டிருந்த அரக்குச் சிவப்பு பாய்க்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டார். "இது தனசேகரன் எடுத்த கல்யாணப் பொடவ இல்லியா? இது எதுக்குமா?"

"எரிக்கத்தான் பாய்."

"கிழிசல்கூட இல்லியேமா."

"இல்ல. எரிங்க."

அவர் மனைவி ஷமீம் பாபி டீத் தட்டோடு வாசலில் நின்றுவிட்டார். "அல்லா, வேணாம் கிரேஸு" என்றார். ஒரு டம்ளரை அலமாரியில் வைத்துவிட்டுத் தட்டோடு அங்கேயே நின்றார்.

நான் வழக்கம்போல உரைகல்லை எடுத்து நீட்டினேன். பார்க்க வந்தவர்களுக்கு அதுவும் ஒரு காட்சி. பாய் கல்லைத் தள்ளிவிட்டார். "தனசேகரன் எடுத்த பொடவய நான் ஒரசிப் பாக்கறதா? முப்பது வருஷ தொழில்ல அவரு கண்ணு மாதிரி நான் பாத்ததில்ல. ஒரசினா எனுக்கு அவமானம்மா." செத்தவர் சொல்லைச் சந்தேகப்படுவது பாய்க்கு ஆகாது. இந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள், நானும் கல்லைக் கீழே வைத்துவிட்டேன்.

"சம்மதமா?"

"சம்மதம்."

"சம்மதமா?"

"சம்மதம்."

பாய் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். "சம்மதமாம்மா?"

"சம்மதம் பாய்."

கத்தரியால் கரையை நீளமாக வெட்டினார், முந்தியை வெட்டினார். கரையில்லாத அரக்குப் பட்டை மடித்து ஓரமாக வைத்தார். வெட்டிய ஜரிகையைச் சுருட்டிச் சட்டியில் போட்டார். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று தடவை சம்மதம் சொன்னேன், வீட்டில் பால்காரனுக்குப் பதில் சொல்வதுபோல வாயில் வந்தது. மோட்டாரைப் போட்டார். பட்டு நூல் பொசுங்கி மயிர் கருகுகிற நாற்றம் வந்தது, எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் பழகிய நாற்றம். விக்ரமுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கப்பாவை எனக்குப் பிடித்திருக்கவில்லை போலிருக்கிறதுடா, மன்னித்துக்கொள். எப்படி ஆரம்பிப்பது?

அப்போது சட்டியிலிருந்து பச்சையாக ஒரு நாக்கு எழும்பியது.

முதலில் ஓரத்தில் மட்டும். பிறகு சட்டி முழுக்க. வாழைக் குருத்துப் பச்சை. இத்தனை மாதத்தில் அந்த அடுப்பில் இவ்வளவு அழகாக எதுவும் எரிந்ததில்லை.

"மேடம், க்ரீன்! செம்மையா இருக்கு!" என்று வசந்த் கத்தினான். யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள்.

ஷரீஃப் பாய் தலையைத் தூக்கவில்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெங்காரம்பா. வெள்ளி ஒண்ணு சேர்றதுக்கு வெங்காரம் போடுவோம். அது பட்டாலும் பச்ச வரும்."

வசந்த் தலையாட்டிக்கொண்டு படம் எடுத்தான். வெங்காரம் பட்டால் பச்சை வரும் என்பது உண்மைதான். நான் அலமாரியைப் பார்த்தேன். வெங்கார டப்பா இறுக்கி மூடியபடி இருந்தது. அதன் மூடிமேல் ஷமீம் பாபி வைத்த டீ டம்ளர், ஆவிகூட அடங்கியிருந்தது; எரிக்கத் தொடங்கியதிலிருந்து அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை.

"பாய், டம்ளர் டப்பா மேல இருக்குது" என்றேன்.

பாய் மோட்டாரை நிறுத்தினார். பச்சை இறங்கியது. சட்டியில் மிஞ்சியது கறுப்பாக, கரகரவென்று, வெள்ளியின் பளபளப்பு ஒரு துளி இல்லாமல் கிடந்தது. அவர் அதை இடுக்கியால் கிளறினார். என்னைப் பார்க்கவில்லை. "என்னிய மன்னிச்சிடும்மா. ஒரசியிருந்தா உனுக்கு மட்டும் காட்டிட்டு மடிச்சி குடுத்திருப்பேன்" என்றார்.

எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. பீரோ சாவி தொலைந்துபோனது. ஒரே நாளில் கடையிலிருந்து வந்த வெள்ளிச் சங்கிலி. பட்டியலில் ஏழாவது இடம் வேண்டாம் என்றது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, என் கைகூடப் படவிடாமல் தானே பிரித்துத் தானே மடித்தது. ஜரிகை எங்கேயாவது தேய்ந்து செம்பு வெளியே தெரிகிறதா என்று அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் தேடியிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, பாரேன் எவ்வளவு ஆசை என்று நினைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தது. ரத்தம் முழுக்க விஷமாகி, இன்றோ நாளையோ என்று கிடக்கும்போதும், அந்தப் பயம் அவரை விடவில்லை.

"மேடம்?" என்றான் வசந்த்.

"பச்ச வந்தா போலின்னு சொன்னேன் இல்ல" என்றேன். என் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "இது என் கல்யாணப் பொடவ. போலி."

நான் அடுத்து என்ன சொல்வது வழக்கம் என்று தேடினேன். எரித்த பிறகு வெள்ளியை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன், எல்லோரும் தொட்டுப் பார்ப்பார்கள். அந்த இடத்துக்கு வாக்கியம் இல்லை.

"யோவ்!" என்று கத்தினேன். சட்டியைப் பார்த்துத்தான் கத்தினேன். வசந்த் இரண்டடி பின்னால் போனான். "யோவ் தனசேகரா! பயந்தாங்கொள்ளி! பத்தொம்போது வருஷம்யா! ஒரே வூட்ல, ஒரே பாய்ல படுத்துக்கினு, ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா உனுக்கு? நான் இன்னா உன்னிய அடிச்சா போட்டிருப்பேன்? எம்மாமனுங்க கிடக்கிறானுங்க, அவனுங்களுக்குப் பயந்து என்கிட்ட ஏன்யா மறைச்ச? சாவுற நேரத்துலகூட இந்தத் துணியவா நெனச்சிக்கினு கெடந்த? பாவி மனுஷா, நிம்மதியா சாவக்கூட இல்லியே நீ!"

கடைசி வார்த்தை முழுசாக வரவில்லை. கரி படிந்த அந்தத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. மூக்கு ஒழுகுகிறது, முந்தானை எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை, பன்னிரண்டு வெளியூர்க்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். ஷமீம் பாபி வந்து என் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டார். மயிலாப்பூர் அம்மா எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் மடியில் அவருடைய அம்மாவின் புடவை. வசந்த் கேமராவை மூடிவிட்டான், அதற்காக அவனுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

பாய் ஓரத்தில் மடித்து வைத்திருந்த அரக்குப் பட்டை எடுத்து உதறி, விரலால் தடவிப் பார்த்து, என் பக்கத்தில் வைத்தார். "பட்டு அசல்மா" என்றார். "மூணு இழை முறுக்கு. நல்ல பட்டு." அவரால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டதும் அங்கேயே உட்கார்ந்தபடி விக்ரமுக்குப் போன் போட்டேன்.

"மா?" என்றான். பிறகு, "மா... அழுவுறியா?"

"ஆமாண்டா."

"ஏம்மா? இன்னா ஆச்சி? எங்க இருக்க?"

"உங்கப்பா மேல கோவம்டா எனுக்கு" என்றேன். "அவ்ளோ கோவம். என் கல்யாணப் பொடவ வெள்ளியே இல்ல, செம்பு. எங்கிட்ட சொல்லாமலே போயிட்டாருடா. சொல்லியிருந்தா ஒரு நாளு திட்டியிருப்பேன். மிஞ்சிப்போனா ரெண்டு நாளு சோறு போட்டிருக்க மாட்டேன். அவ்ளோதானேடா. அதுக்குப்போய் அத்தன வருஷம் ஒண்டியா பயந்துக்கினு இருந்திருக்காருடா..."

அந்தப் பக்கம் விக்ரம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. முன்பு கேட்ட கேள்வியை அவன் மறுபடி கேட்கவில்லை. வெளியே நேரமாகிவிட்டதென்று வேன்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.